924 பைட்டுகளுக்குள் ஒரு சதுரங்கம்

கணினி விளையாட்டுகளில் ஒளிந்திருக்கும் இரகசியங்கள் என்றதும், நிரலை எழுதியவர் தம் பெயரையோ ஒரு சிறு செய்தியையோ எவர் கண்ணிலும் எளிதில் படாத ஓரிடத்தில் பொதிந்து வைக்கும் ‘ஈஸ்டர் முட்டை’ வழக்கமே பலருக்கும் நினைவுக்கு வரும். அடாரி நிறுவனத்தின் ‘அட்வென்ச்சர்’ விளையாட்டில் வாரன் ராபினெட் தம் பெயரை ஓர் இரகசிய அறைக்குள் எழுதி வைத்திருந்தது வெளிப்பட்ட பிறகு அவ்வழக்கம் உலகறிந்த ஒன்றாயிற்று. அப்படி எதையேனும் ஒளித்து வைப்பதற்கும் நினைவகத்தில் இடம் மிஞ்ச வேண்டும். 1976ஆம் ஆண்டு பீட்டர் ஜென்னிங்ஸ் எழுதிய ‘மைக்ரோசெஸ்’ என்ற சதுரங்க நிரலில் அத்தகைய உபரி இடம் இருக்கவில்லை. அதன் இரகசியங்கள் வேறு வகையானவை: ஒரே எண் இரண்டு மூன்று வேலைகளைச் சுமப்பது, ஒரே கழித்தல் கணக்கு பலகை முழுவதையும் திருப்பிப் போடுவது, பல நூற்றாண்டுப் பழமையுடைய ஓர் ஆட்டத் தொடக்கம் 28 பைட்டுகளுக்குள் தலைகீழாக அடைபட்டுக் கிடப்பது ஆகியவை யாரையும் வியக்க வைப்பதற்காகச் செய்யப்பட்டவையல்ல, இடமின்மை என்ற ஒரே காரணத்தால் பிறந்தவை.

அந்த நிரலின் மொத்த நீளம் 924 பைட்டுகள். பைட் என்பது எட்டு பிட்டுகளைக் கொண்ட தொகுதி. ஒரு பிட் 0 அல்லது 1 என்ற இரண்டில் ஒன்றாக மட்டுமே இருக்க முடியும் என்பதால், ஒரு பைட்டில் 0 முதல் 255 வரையுள்ள எண்களில் ஏதேனும் ஒன்றைக் குறித்து வைக்கலாம். இன்றைய கணினிகளில் பரவலாக வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள் செலவாகின்றன. அந்தக் கணக்கில் 924 பைட்டுகளில் 308 தமிழ்க் குறியீடுகளே அடங்கும். இவ்வத்தியாயத்தின் முதல் பத்தியைச் சேமிப்பதற்குக்கூடப் போதாத அந்த இடத்தில், காய்களின் நகர்வு விதிகளும், எதிராளியின் பதிலை எதிர்பார்த்துச் சிந்திக்கும் முறையும், காய்களின் மதிப்பும், விசைப்பலகையைப் படித்துக் காட்சித்திரையில் எண்களை எழுதும் ஏற்பாடும் அடக்கப்பட்டிருந்தன.

சதுரங்கம் ஆடும் இயந்திரத்தைப் பற்றிய கோட்பாடு அதற்குள் கால் நூற்றாண்டு வயதை எட்டியிருந்தது. தகவல் கோட்பாட்டின் தந்தையாகக் கருதப்படும் கிளாட் ஷானன் 1950இல் வெளியிட்ட கட்டுரை, ஒரு நிலையிலிருந்து ஆடக்கூடிய நகர்வுகளையும் அவற்றுக்கு எதிராளி தரக்கூடிய பதில்களையும் கிளை கிளையாக விரித்து, ஒவ்வொரு கிளையின் முடிவிலும் நிலையை மதிப்பிட்டு, எதிராளி தனக்குச் சிறந்ததையே ஆடுவார் என்ற எச்சரிக்கையோடு தேர்ந்தெடுக்கும் முறையை விளக்கியது. 1956இல் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தின் மேனியாக் கணினியில் இம்முறையைச் செயல்படுத்த முயன்றவர்கள், இயந்திரத்தின் ஆற்றல் போதாமையால் ஆட்டத்தையே சுருக்கிக்கொண்டார்கள்; அவர்களுடைய பலகையில் ஆறு வரிசைகளும் ஆறு நெடுவரிசைகளும் மட்டுமே இருந்தன, பிஷப் காய் அடியோடு நீக்கப்பட்டிருந்தது. மேனியாக் ஓர் அறையை நிரப்பிய கணினி. ஜென்னிங்ஸுக்குக் கிடைத்த கணினியோ மேசை மீது வைக்கத்தக்க, உறையில்லாத ஒரேயொரு மின்சுற்றுப் பலகை. ஆயினும் அவர் எட்டுக்கு எட்டுக் கட்டங்களையும் முப்பத்திரண்டு காய்களையும் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்தப் பலகையின் பெயர் கிம்-1. அமெரிக்காவின் மாஸ் டெக்னாலஜி நிறுவனம், தான் புதிதாக உருவாக்கிய 6502 என்ற செயலியைப் பொறியாளர்களுக்கு அறிமுகப்படுத்தும் நோக்கத்துடன் 1976இல் 245 டாலர் விலைக்கு அதை வெளியிட்டது. வினாடிக்குப் பத்து இலட்சம் துடிப்புகள் என்ற வேகத்தில் இயங்கிய அச்செயலிக்கு ஒவ்வொரு கட்டளையையும் முடிக்க இரண்டு முதல் ஏழு துடிப்புகள் தேவைப்பட்டன. நிரலர் எழுதிப் பயன்படுத்தத்தக்க நினைவகம் மொத்தம் 1152 பைட்டுகள். அதிலும் ஒரு பகுதியைப் பலகையோடு வந்த கண்காணிப்பு நிரல் தன் தேவைக்கு எடுத்துக்கொண்டது. தொலைக்காட்சித் திரை இல்லை, எழுத்து விசைப்பலகை இல்லை. இருபத்து மூன்று பொத்தான்களும், கணிப்பான்களில் காணப்படுவது போன்ற ஏழு கோடுகளால் ஆன ஆறு ஒளிரும் இலக்கங்களுமே பலகையில் மனிதனுக்கும் இயந்திரத்துக்கும் இடையிலிருந்த வழி. கனடாவின் டொராண்டோ நகரத்தில் வாழ்ந்த ஜென்னிங்ஸ், அவ்வாண்டு ஆகஸ்டில் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த தனிநபர் கணினிக் கண்காட்சியில் அதை வாங்கி, டிசம்பர் 18ஆம் நாளுக்குள் நிரலின் முதல் பிரதிகளை வாடிக்கையாளர்களுக்கு அனுப்பத் தொடங்கிவிட்டார்.

சதுரங்கப் பலகையை நினைவகத்தில் எப்படி வரைந்து வைப்பது என்பதே இத்தகைய நிரல் ஒவ்வொன்றும் முதலில் தீர்க்க வேண்டிய சிக்கல். 64 கட்டங்களுக்கு 64 பைட்டுகள் ஒதுக்கி, ஒவ்வொன்றிலும் எந்தக் காய் நிற்கிறது என்று எழுதுவது இயல்பாகத் தோன்றும் வழி. ஜென்னிங்ஸ் அதைத் தலைகீழாக்கினார். ஒவ்வொரு காய்க்கும் ஒரு பைட் என 32 பைட்டுகளை மட்டும் ஒதுக்கி, அக்காய் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை அதில் எழுதினார். கட்டங்களுக்கு அவர் இட்ட எண்கள் பதினறும முறையைச் சேர்ந்தவை. பதினறும முறை என்பது 0 முதல் 9 வரையிலான இலக்கங்களுக்குப் பின் ஏ, பி, சி, டி, ஈ, எஃப் என்ற ஆறு எழுத்துகளையும் இலக்கங்களாகக் கொண்டு பதினாறு பதினாறாக எண்ணும் முறை; ஒரு பைட்டின் எட்டு பிட்டுகள் நான்கு நான்காகப் பிரிந்து இரண்டு பதினறும இலக்கங்களில் கச்சிதமாக அடங்கிவிடும் என்பதால் இயந்திர மொழியில் எழுதுவோர் அதையே விரும்பினர். மைக்ரோசெஸ்ஸில் கட்டத்தின் முதல் இலக்கம் வரிசையையும் இரண்டாம் இலக்கம் நெடுவரிசையையும் குறிக்க, இரண்டும் 0 முதல் 7 வரை மட்டுமே செல்கின்றன. ஒரு மூலை 00, அதன் எதிர் மூலை 77.

இந்த எண்ணிடலின் அழகு, காய் பலகையை விட்டு வெளியேறும்போதுதான் தெரிகிறது. 0 முதல் 7 வரையுள்ள எண்களை எழுத மூன்று பிட்டுகளே போதும். எனவே பலகைக்குள் இருக்கும் எந்தக் கட்டத்தின் எண்ணிலும் ஒவ்வோர் இலக்கத்தின் நான்காவது பிட், அதாவது 8 என்ற மதிப்புடைய பிட், எப்போதும் 0 ஆகவே இருக்கும். வலப்புற ஓரத்தில் 37 என்ற கட்டத்தில் நிற்கும் யானை இன்னும் ஓரடி எடுத்து வைத்தால் எண் 38 ஆகி, அந்த நான்காவது பிட் விழித்துக்கொள்கிறது. இடப்புற ஓரத்தில் 30இலிருந்து ஒன்றைக் கழித்தால் 2எஃப் வருகிறது, அங்கும் அதே பிட் 1 ஆகிறது. மேல் வரிசையைத் தாண்டினாலும் கீழ் வரிசையைத் தாண்டினாலும், இரண்டு கட்டம் தாவும் குதிரை வெளியே விழுந்தாலும் இதுவே நிகழ்கிறது. ஆகவே கட்டத்தின் எண்ணை 88 என்ற பதினறும எண்ணோடு ஒப்பிட்டு, இரண்டிலும் ஒருசேர 1 ஆக உள்ள பிட்டுகள் ஏதேனும் உண்டா என்று பார்க்கும் இரண்டு பைட் நீளமுள்ள ஒரேயொரு கட்டளை, பலகையின் நான்கு ஓரங்களையும் ஒரே நேரத்தில் காவல் காக்கிறது. இடது ஓரம், வலது ஓரம், மேல், கீழ் என நான்கு தனித்தனிச் சோதனைகளை எழுதியிருந்தால் செலவாகியிருக்கும் இடத்தை எண்ணிப் பார்த்தால், இந்த ஓர் எண்ணிடலுக்காகவே அந்நிரலைப் பாடநூலில் சேர்க்கலாம்.

வெட்டப்பட்ட காயை என்ன செய்வது என்ற கேள்விக்கும் இதே காவல்தான் பதில் சொல்கிறது. காய் இறந்துவிட்டது என்று தனியே குறிப்பதற்கு மைக்ரோசெஸ்ஸில் இடமில்லை. வெட்டப்பட்ட காயின் இருப்பிடமாக சிசி என்ற பதினறும எண் எழுதப்படுகிறது, அவ்வளவே. நகர்வுகளை உருவாக்கும் பகுதி இறந்த காயையும் உயிருள்ள காயைப் போலவே நகர்த்திப் பார்க்கிறது. ஆனால் சிசியோடு எந்தக் காயின் எந்த அடியைக் கூட்டினாலும், குதிரையின் மிக நீண்ட தாவலைக் கூட்டினாலும், விடை பலகைக்குள் வருவதே இல்லை, எனவே எல்லா நகர்வுகளும் தாமாகவே தள்ளுபடியாகின்றன. இங்கே சிசிக்குப் பதிலாக 88ஐத் தேர்ந்திருந்தால் நிரல் கெட்டிருக்கும்: 88இலிருந்து ஒரு பிஷப் குறுக்காக ஓரடி வைத்தால் 77 என்ற மூலைக் கட்டத்துக்கு வந்து நின்றுவிடும், வெட்டப்பட்ட காய் மீண்டும் உயிர்பெற்று ஆட்டத்துக்குள் நுழைந்துவிடும். பலகையின் எல்லைகளிலிருந்து போதிய தொலைவில் உள்ள ஓர் எண்ணே தேவைப்பட்டது. சிசி அப்படிப்பட்ட எண்.

பக்கங்களை மாற்றிக்கொள்ளும் முறையும் இதைப் போலவே சிக்கனமானது. இயந்திரம் தன் நகர்வைச் சிந்தித்த பின் எதிராளியின் பதிலையும் சிந்திக்க வேண்டும்; கறுப்புக்கு ஒன்று, வெள்ளைக்கு ஒன்று என இரண்டு நகர்வுப் பகுதிகளை எழுத இடமில்லாததால், பலகையையே திருப்பி வைத்துவிட்டு எதிராளியின் காய்களைத் தன் காய்களாகப் பாவித்து அதே பகுதியை மீண்டும் இயக்குகிறது. திருப்புவதற்கு வேண்டிய கணக்கு, ஒவ்வொரு காயின் இருப்பிடத்தையும் 77இலிருந்து கழித்து, இரு தரப்புப் பட்டியல்களையும் இடமாற்றுவது மட்டுமே. 13இல் நிற்கும் சிப்பாய் 64க்குச் செல்கிறது. 00இல் நிற்கும் யானை 77க்குச் செல்கிறது. வெட்டப்பட்ட காய்களும் இக்கழித்தலிலிருந்து தப்புவதில்லை: 77இலிருந்து சிசியைக் கழித்தால் ஒரு பைட்டுக்குள் அடங்கும் விடை ஏபி, அதுவும் எந்தத் தாவலாலும் பலகையை எட்ட முடியாத இடமே, இரண்டாம் முறை திருப்பும்போது ஏபி மீண்டும் சிசியாகிவிடுகிறது. இறந்த காய்களுக்கு விதிவிலக்கு எழுதாமலேயே கணக்கு சரியாக வந்துவிடுகிறது என்பதில், நிரலைக் கூர்ந்து படிப்பவர் எவருக்கும் ஒரு மகிழ்ச்சி உண்டு.

இந்தச் சிந்தனையை நடத்திச் செல்லும் பகுதிக்கு ஜென்னிங்ஸ் இட்ட பெயர் ஜேனஸ். முன்னும் பின்னும் பார்க்கும் இரண்டு முகங்களைக் கொண்ட உரோமானியத் தெய்வத்தின் பெயர் அது. நகர்வுகளை உருவாக்கும் பகுதி ஒவ்வொரு நகர்வையும் கண்டுபிடித்தவுடன் ஜேனஸிடம் ஒப்படைக்க, ஜேனஸ் ‘நிலை’ என்ற ஒரே எண்ணைப் பார்த்து அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கிறது: ஒரு மதிப்பில் அது தன் நகர்வைப் பலகையில் ஆடிப் பார்க்கிறது, இன்னொரு மதிப்பில் எதிராளியின் பதில்களைக் கணக்கிடுகிறது, எண் எதிர்மறையாகும்போது வெட்டுக்குப் பதில் வெட்டு என்று நீளும் தொடரை மட்டும் பின்பற்றுகிறது, மற்றொரு மதிப்பில் ராஜாவுக்குச் செக் விழுகிறதா என்று சோதிக்கிறது. நகர்வு உருவாக்கத்தை ஒரே முறை எழுதி, அதையே பல நோக்கங்களுக்குப் பயன்படுத்தும் இந்த ஏற்பாடு, தன்னைத் தானே அழைக்கும் நிரல் அமைப்புக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு. அழைப்புகள் எங்கிருந்து வந்தன என்பதையும், ஆடிப் பார்த்த நகர்வுகளைத் திரும்ப எடுப்பதற்கான குறிப்புகளையும் வைக்க இரண்டு அடுக்குகள் தேவைப்பட்டன. 6502 செயலி அடுக்குக்கென ஒதுக்கும் 256 பைட் பகுதியிலேயே ஜேனஸின் கட்டளைகளும் கீழ்ப்பக்கத்தில் குடியிருக்க, மேலிருந்து கீழாக வளரும் இரண்டு அடுக்குகளும் அதே பகுதியைப் பங்கிட்டுக்கொண்டன.

நிலையை மதிப்பிடும் முறையில் ராஜாவுக்கு 11, ராணிக்கு 10, யானைக்கு 6, பிஷப்புக்கும் குதிரைக்கும் 4, சிப்பாய்க்கு 2 எனப் புள்ளிகள் தரப்பட்டன. சதுரங்க நூல்கள் சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் பிஷப்புக்கும் 3, யானைக்கு 5, ராணிக்கு 9 என்று கூறும் வழக்கத்தோடு ஒப்பிட்டால், மைக்ரோசெஸ் சிப்பாயைச் சற்று அதிகமாகவே மதித்தது என்று சொல்ல வேண்டும். குதிரை இரண்டு சிப்பாய்களுக்குச் சமம் என்று அது கருதியதால், அனுபவமுள்ள ஆட்டக்காரர் மறுத்துவிடும் மாற்றுகளுக்கு அது உடன்பட நேர்ந்தது. புள்ளிகளைத் தவிர, காய்கள் எத்தனை கட்டங்களுக்குச் செல்ல முடியும் என்ற இயங்குதிறனும், இரு தரப்பிலும் எவ்வளவு வெட்ட முடியும் என்ற கணக்கும் சேர்க்கப்பட்டன. பலகையின் நடுப்பகுதியைக் கைப்பற்ற வேண்டும் என்ற பழைய அறிவுரைக்கும் அதில் இடமிருந்தது, ஆனால் மிகச் சிறிய இடம்: 33, 34, 22, 25 என்ற நான்கே நான்கு கட்டங்களுக்குச் செல்லும் நகர்வுகளுக்கும், ராஜா அல்லாத காயைக் கடைசி வரிசையிலிருந்து வெளியே கொண்டுவரும் நகர்வுகளுக்கும் இரண்டு புள்ளிகள் கூடுதலாகக் கிடைத்தன. ஆசிரியர் ஒருவர் தொடக்கநிலை மாணவருக்குச் சொல்லித்தரும் பாடத்தின் சாரம் அந்தச் சில பைட்டுகளில் இருக்கிறது.

நிரலின் மிகச் சுவையான மூலை, ஆட்டத் தொடக்கத்துக்கான 28 பைட் அட்டவணை. நிரல் பட்டியலில் அச்சிடப்பட்ட அட்டவணை ஜோகோ பியானோ எனப்படும் இத்தாலியத் தொடக்கத்தைக் கொண்டது; அதிலும், 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த ஜோவாக்கினோ கிரேகோ என்ற இத்தாலிய ஆட்டக்காரரின் பெயரோடு இணைந்த வழியை அது ஒன்பது நகர்வுகள் வரை பின்பற்றுகிறது. அட்டவணையை முன்னிருந்து படித்தால் எதுவும் விளங்காது, ஏனெனில் இயந்திரம் அதைக் கடைசி பைட்டிலிருந்து பின்னோக்கிப் படிக்கிறது. எதிராளி வந்து சேர வேண்டிய கட்டம், தான் நகர்த்த வேண்டிய காய், அது செல்ல வேண்டிய கட்டம் என மூன்று மூன்று பைட்டுகளாக அது அமைந்துள்ளது. முதல் மூன்று பைட்டுகள் சிசி, 0எஃப், 33. அடுத்த மூன்று 43, 06, 22. அதற்கடுத்த மூன்று 55, 04, 35. இவற்றில் 0எஃப் என்பது ராஜாவுக்கு முன் நிற்கும் சிப்பாய், 06 ராஜாவின் பக்கத்துக் குதிரை, 04 அதே பக்கத்துப் பிஷப்; காய்களைப் பலகையில் வைத்து ஆடிப் பார்ப்பவர், சிப்பாய் இரண்டு கட்டம் முன்னேறி, குதிரை வெளிவந்து, பிஷப் குறுக்காகப் பாயும் இத்தாலியத் தொடக்கம் தம் கண் முன்னே விரிவதைக் காணலாம்.

இங்கே சிசி மீண்டும் தலைகாட்டுவது தற்செயலன்று. ஆட்டத்தைத் தொடங்க ஆட்டக்காரர் சி என்ற பொத்தானை அழுத்தியதும் காய்கள் தத்தம் இடங்களில் அடுக்கப்பட்டு, ஆறு இலக்கங்களிலும் சி என்ற எழுத்து ஒளிர்கிறது. ஆட்டக்காரருக்கு அது ‘பலகை தயார்’ என்ற அறிவிப்பு. எதிராளியின் கடைசி நகர்வு எங்கே முடிந்தது என்பதை இயந்திரம் படிப்பதும் அதே காட்சியிலிருந்துதான். எனவே அங்கு ஒளிரும் சிசி, அட்டவணையின் முதல் எதிர்பார்ப்பான சிசியோடு பொருந்தி, இன்னும் எவரும் ஆடாத பலகையில் முதல் நகர்வை ஆடத் தூண்டுகிறது. வெட்டப்பட்ட காயின் கல்லறை, ஆட்டக்காரருக்கான அறிவிப்பு, தொடக்க ஆட்டத்தின் திறவுகோல் என்ற மூன்று வேலைகளையும் ஓர் எண்ணே செய்துவிடுகிறது. அட்டவணையின் கடைசி எதிர்பார்ப்பாக 99 எழுதப்பட்டுள்ளது. பலகையில் அப்படியொரு கட்டமே இல்லாததால் எந்த நகர்வும் அதோடு பொருந்தாது, இயந்திரம் மனப்பாடத்தைக் கைவிட்டுத் தானே சிந்திக்கத் தொடங்குகிறது.

இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலையும் உண்டு. எதிராளியின் காய் வந்து சேர்ந்த கட்டத்தை மட்டுமே நிரல் சரிபார்க்கிறது, எந்தக் காய் வந்தது என்று பார்ப்பதில்லை. இரண்டாம் நகர்வில் அது குதிரையை எதிர்பார்க்கும் 55 என்ற கட்டத்துக்கு எதிராளி ஒரு சிப்பாயை ஓரடி முன்னேற்றினாலும், பாடநூல் வழியே ஆட்டம் போவதாக எண்ணிக்கொண்டு பிஷப்பை நகர்த்திவிடும். அதேபோல் எட்டாம் நகர்வில் அது கோட்டை கட்டும்போது, அதாவது ராஜாவை இரண்டு கட்டம் ஒதுக்கி யானையை அதன் மறுபக்கத்துக்குக் கொண்டுவரும் சிறப்பு நகர்வைச் செய்யும்போது, அட்டவணையில் ராஜா 01க்குச் செல்வது மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. யானையை இடம் மாற்றும் வேலை மனிதனுடையது. உண்மையில் கோட்டை கட்டுதல், கடைசி வரிசையை எட்டிய சிப்பாய் ராணியாவது, இரண்டு கட்டம் தாவிய சிப்பாயைப் போகிற போக்கில் வெட்டுவது ஆகிய மூன்று விதிகளும் நிரலுக்குள் இல்லை. ஆட்டக்காரர் ஆடும் நகர்வு சரியானதா என்றும் இயந்திரம் சோதிப்பதில்லை, அவர் அடுத்தடுத்து இரண்டு காய்களை நகர்த்தினாலும் ஏற்றுக்கொள்கிறது. இந்தக் கண்டிப்பின்மையைப் பயன்படுத்தியே விடுபட்ட விதிகளை அவர் தம் கையால் நிறைவேற்றிக்கொண்டார்.

ஆட்டத்தின் கடினத்தன்மையை மாற்றுவதற்குத் தேர்வுப் பட்டியல் எதுவும் கிடையாது. நிரலுக்குள்ளேயே இரண்டு பைட்டுகளைத் திருத்தி எழுத வேண்டும். அவற்றைப் பொறுத்து ஒரு நகர்வுக்குச் சராசரியாக 3 வினாடி, 10 வினாடி, 100 வினாடி என மூன்று வேகங்கள் கிடைத்தன. சிந்தித்து முடித்த பின் காட்சியில் காயின் எண், புறப்பட்ட கட்டம், சேர்ந்த கட்டம் ஆகியவை ஒளிரும். தோல்வியை ஒப்புக்கொள்ளும்போதோ ஆட நகர்வே இல்லாதபோதோ எஃப்எஃப் தோன்றும். கிம்-1இல் செயலியின் நிரல் எண்ணியைப் பார்ப்பதற்கென வைக்கப்பட்டிருந்த பிசி என்ற பொத்தான், மைக்ரோசெஸ்ஸில் ‘பிளே செஸ்’ என்று பொருள்படும் பொத்தானாக மறுபிறவி எடுத்தது.

மைக்ரோசெஸ் முதலில் விற்கப்பட்டது நாடாவிலோ வட்டிலோ அல்ல, தாளில். 10 டாலர் அனுப்பியவர்களுக்கு விளக்கக் கையேடும் நிரல் பட்டியலும் அஞ்சலில் வந்தன. வாங்கியவர் பதினறும எண்களை ஒவ்வொன்றாகப் பொத்தான்களில் தட்டி உள்ளிட வேண்டியிருந்தது. 6502 செயலியை வடிவமைத்த குழுவின் தலைவரான சக் பெடில் நிரலின் முழு உரிமையையும் 1000 டாலருக்குக் கேட்டபோது ஜென்னிங்ஸ் மறுத்தார், அம்மறுப்பு கணினி வரலாற்றின் போக்கையே சற்றுத் திருப்பிவிட்டது. டேன் ஃபில்ஸ்ட்ராவின் பர்சனல் சாஃப்ட்வேர் நிறுவனத்தோடு அவர் இணைந்த பின், டிஆர்எஸ்-80, ஆப்பிள் 2, கொமடோர் பெட் ஆகிய கணினிகளுக்கு விரிவாக்கப்பட்ட பதிப்புகள் வெளிவந்து 50,000 பிரதிகளுக்கு மேல் விற்றன. கொமடோர் நிறுவனம் ‘செஸ்மேட்’ என்ற தனிச் சதுரங்கக் கருவிக்குள்ளும் அதைப் பொருத்தியது. அந்த விற்பனையில் சேர்ந்த பணம், டேன் பிரிக்லினும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் எழுதிய விசிகேல்க் என்ற கணக்கு அட்டவணை நிரலின் உருவாக்கத்துக்குச் சென்றது. 1979இல் வெளிவந்த விசிகேல்க்கே தனிநபர் கணினியை அலுவலக மேசைக்குக் கொண்டுவந்தது. எக்செல் உள்ளிட்ட இன்றைய அட்டவணை நிரல்கள் யாவும் அதன் வழிவந்தவை.

அதே 1979இல் 6502 குடும்பத்தின் மற்றொரு செயலி, இன்னும் குறுகிய இடத்தில் சதுரங்கம் ஆட வேண்டியதாயிற்று. அடாரி நிறுவனத்தின் வீட்டு விளையாட்டுக் கருவியின் எழுதத்தக்க நினைவகம் வெறும் 128 பைட்டுகள்; நிரலைத் தாங்கும் மாற்ற முடியாத நினைவகம் 4096 பைட்டுகள். லேரி வாக்னரும் பாப் வைட்ஹெட்டும் எழுதிய ‘வீடியோ செஸ்’ஸுக்கு நினைவகத்தைவிடத் திரையே பெரிய தடையாக நின்றது. அக்கருவியின் காட்சிச் சில்லு நகரும் உருவங்களாக இரண்டை மட்டுமே அறியும். ஒவ்வொன்றையும் மும்மடங்காக்கினாலும் ஒரு வரிசையில் ஆறு உருவங்களே கிடைக்கும், சதுரங்கத்துக்கோ எட்டு வேண்டும். ஒவ்வொரு காயையும் ஒன்றுவிட்ட ஒரு திரைக்கோட்டில் மட்டும் வரைந்து, இடையிலுள்ள கோடுகளைப் பக்கத்துக் காய்களுக்கு விட்டுக்கொடுக்கும் உத்தியை வைட்ஹெட் கண்டுபிடித்தார். சன்னல் தட்டிகளை நினைவூட்டும் கோடுகளாகக் காய்கள் தெரிந்ததால் ‘வெனிஸ் தட்டி’ என்ற பொருளில் அதற்குப் பெயர் வந்தது. திரையின் ஒவ்வொரு கோட்டையும் வரைவது செயலியின் பொறுப்பு என்பதால், வரைந்துகொண்டே சிந்திக்க அதனால் இயலவில்லை. இயந்திரம் யோசிக்கும்போது பலகை மறைந்து திரையில் நிறங்கள் மட்டும் மாறிக்கொண்டிருந்தன. ஏழாம் நிலையில் ஒரு நகர்வுக்குப் பத்து மணி நேரம்கூட ஆகலாம் என்று கையேடு எச்சரித்தது. நிரல் 4096 பைட்டுகளைத் தாண்டிவிடுமோ என்ற அச்சத்தில், நினைவகத்தின் பகுதிகளை மாற்றி மாற்றிக் காட்டும் ‘பேங்க் சுவிட்சிங்’ என்ற முறையை அடாரி பொறியாளர்கள் வளர்த்தெடுத்தனர். இறுதியில் சதுரங்கம் 4096க்குள்ளேயே அடங்கிவிட்டது. அம்முறை பிற்கால அடாரி விளையாட்டுகள் பலவற்றுக்குக் கைகொடுத்தது.

924 என்ற எண்ணும் நிலைக்கவில்லை. இங்கிலாந்தில் 1981இல் வெளிவந்த சின்கிளேர் இசட்எக்ஸ்81 கணினியின் அடிப்படை வடிவில் 1024 பைட்டுகளே இருந்தன; திரையில் தோன்றும் எழுத்துகளும் அதே இடத்திலிருந்து பங்கு கேட்டன. டேவிட் ஹோர்ன் அதற்கென 672 பைட்டுகளில் எழுதிய சதுரங்கம் ‘யுவர் கம்ப்யூட்டர்’ இதழில் 1982, 1983 ஆண்டுகளில் வெளியாகி, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மிகச் சிறிய சதுரங்க நிரல் என்ற இடத்தை விட்டுக்கொடுக்காமல் இருந்தது. அதிலும் கோட்டை கட்டுதலும் போகிற போக்கில் வெட்டுவதும் சிப்பாயின் உயர்வும் இல்லை. 2015இல் ஒலிவியே பூடாட் 487 பைட்டுகளில் எழுதிய ‘பூட்செஸ்’, கணினியை இயக்கும்போது வட்டிலிருந்து முதன்முதலாகப் படிக்கப்படும் 512 பைட் பகுதிக்குள் முழுவதும் அடங்கி, இயக்க முறைமை எதுவும் ஏற்றப்படும் முன்பே ஆட்டத்தைத் தொடங்கிவிட்டது. அதே ஆண்டில் மெக்சிகோவைச் சேர்ந்த ஆஸ்கர் டொலெடோ தம் ‘ஆட்டம்செஸ்’ நிரலை 400 பைட்டுகளுக்கும் கீழே கொண்டுசென்றார்.